மடக்குப் பல்லாங்குழி: பலகை நன்று, காய்களில் கவனம் தேவை

கடந்த கோடை விடுமுறையில், ஆறு வயது மகளும் நான்கு வயது மகனும் சேர்ந்து விளையாடுவதற்காக, பக்கத்துக்கு ஏழு வீதம் 14 குழிகள் கொண்ட மர மடக்குப் பல்லாங்குழி ஒன்றை வாங்கினோம். குழிகள் வழவழப்பாகக் கடையப்பட்டிருப்பதால், சின்னவனின் விரல்கள்கூடக் காய்களை ஒன்றுவிடாமல் வழித்தெடுக்கின்றன. குழிக்கு ஐந்தாக 70 காய்களை நிரப்பும்போதே எண்ணப் பழகிவிடுகிறான், ஆட்டத்தின்போது ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்ததும் "பசு!" என்று கூவி அவன் அள்ளிக்கொள்ளும் மகிழ்ச்சிக்காகவே இதைப் பரிந்துரைப்பேன்.

ஆனால், கடையில் காய்களாகக் குன்றிமணியைத் தந்திருந்தார்கள். பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் அது கடும் நஞ்சுள்ள விதை என்பதால், குழந்தைகள் விளையாடும் பொருளுடன் அதைக் கொடுத்திருக்கவே கூடாது. அன்றே அகற்றிவிட்டு, கழுவிக் காயவைத்த புளியங்கொட்டைகளைப் போட்டோம். அவையும் தொண்டையில் சிக்கக்கூடியவை என்பதால், கைக்குழந்தை உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். கீல் சற்றுத் தளர்வாக உள்ளது.