லினக்ஸ் மடிக்கணினியில் செயலியின் வேகமும் மின்செலவும்: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

எட்டாம் தலைமுறை இன்டெல் கோர் ஐ5-8250யு செயலி கொண்ட மடிக்கணினி ஒன்றைப் பல ஆண்டுகளாக லினக்ஸில் மட்டுமே பயன்படுத்தி வருகிறேன். நான்கு கோர்கள், எட்டு த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைத் தொடர்கள்), அடிப்படை வேகத்தைத் தற்காலிகமாகத் தாண்டும் டர்போவில் அதிகபட்சம் 3.4 கிகாஹெர்ட்ஸ், தொடர்ந்த சுமைக்கென வகுத்த வெப்ப வடிவமைப்பு அளவு 15 வாட் என்பது அதன் சுருக்கமான ஜாதகம். எழுத்து வேலை, அவ்வப்போது பெரிய நிரல்களைக் கம்பைல் செய்வது (மூல நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றுவது), பிரவுசர், காணொளி ஆகியவையே அன்றாடப் பயன்பாடு. செயலியின் வேகத்தைக் கட்டுப்படுத்த லினக்ஸில் கிடைக்கும் கருவிகளில் பெரும்பாலானவற்றை இதில் போட்டுப் பார்த்துவிட்டு, இப்போது மூன்று பழக்கங்களோடு நின்றுவிட்டேன். பேட்டரியில் ஓடும்போது டர்போவை நிறுத்துகிறேன். எந்த நொடியில் எந்த வேகம் என்ற முடிவைச் செயலியிடமே விட்டு, சிக்கனத்தின் பக்கம் சற்றே சாயும்படி மட்டும் சொல்லி வைக்கிறேன். கணினி சும்மா இருக்கும்போது உண்மையிலேயே சும்மா இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கிறேன். இவற்றுள் அதிகப் பலன் தந்தது மூன்றாவதுதான். வேகக் கட்டுப்பாடு பற்றிய பேச்சுகளில் மிகக் குறைவாக அடிபடுவதும் அதுதான்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் செயலியின் அதிர்வெண்ணைக் கவனித்துக்கொள்ளும் பகுதிக்குச் சிபியுஃப்ரெக் என்று பெயர். வன்பொருளோடு பேசுவதற்கு ஒரு டிரைவரும், எப்போது ஏறுவது எப்போது இறங்குவது என்று முடிவு செய்வதற்கு ஒரு கவர்னரும் அதில் உண்டு. ஓண்டிமாண்ட், கன்சர்வேட்டிவ் போன்ற பழைய கவர்னர்களோடு, 2016இல் வெளியான 4.7 கெர்னலில் ஷெட்யூட்டில் என்ற கவர்னரும் சேர்ந்தது. பணிகளைப் பங்கிடும் ஷெட்யூலரின் கணக்கையே எடுத்துக்கொண்டு வேகத்தைத் தீர்மானிப்பது அதன் வழி. ஆனால் 2013இல் 3.9 கெர்னலோடு வந்த இன்டெல் பி-ஸ்டேட் டிரைவர் ஆக்டிவ் நிலையில் (வேக முடிவைப் பொதுவான கவர்னரிடம் விடாத நிலை) இருக்குமானால் இவற்றில் எதுவும் கண்ணில் படாது. பெர்ஃபார்மன்ஸ், பவர்சேவ் என்ற இரண்டே தேர்வுகள்தாம் இருக்கும். பொதுவான கட்டமைப்பில் பவர்சேவ் என்றால் செயலி தன் மிகக் குறைந்த வேகத்திலேயே கட்டுண்டு நிற்கும் என்பது பொருள். இன்டெல் டிரைவரின் பவர்சேவ் அப்படியல்ல. சுமை வந்தால் முழு வேகம் வரை ஏறவும், சுமை போனால் இறங்கவும் செய்கிறது. எனவே பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு, பவர்சேவ் என்று இருக்கிறதே, கணினி முடங்கிவிடுமே என்று அஞ்சிப் பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுவதில் அன்றாட வேலைக்குப் பயன் ஏதும் இல்லை.

ஸ்கைலேக் என்ற ஆறாம் தலைமுறையிலிருந்து வரும் இன்டெல் செயலிகளில் வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைச் செயலிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியே எடுத்துக்கொள்ள முடியும். கெர்னல் அதற்கு மேல்வரம்பு, கீழ்வரம்பு, ஒரு மனச்சாய்வு ஆகியவற்றை மட்டும் தெரிவிக்கிறது. அந்தச் சாய்வு ஒவ்வொரு கோரின் அமைப்பு அடைவிலும் (கோப்புறை) ஒரு கோப்பாக இருக்கிறது. பெர்ஃபார்மன்ஸ், பேலன்ஸ் பெர்ஃபார்மன்ஸ், பேலன்ஸ் பவர், பவர் என்ற சொற்களில் ஒன்றை அதில் எழுதினால் போதும். பேட்டரியில் நான் வைத்திருப்பது பேலன்ஸ் பவர். அதற்கும் கீழே உள்ள பவர் நிலையில் பிரவுசரில் பக்கம் திறக்கும்போதும் பெரிய ஆவணத்தை உருட்டும்போதும் ஒரு தயக்கம் தெரிகிறது. அந்தத் தயக்கத்துக்கு ஈடாக மின்கணக்கில் எனக்குத் தெளிவான மிச்சம் எதுவும் கிடைக்கவில்லை.

ஏன் கிடைப்பதில்லை என்பதை விளங்கிக்கொள்ளச் செயலியின் மின்செலவு எப்படி ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். இயங்கும் சுற்றுகளின் மின்செலவு அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறுகிறது. அதிர்வெண்ணைக் கூட்டக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருப்பதால், டர்போவின் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ் மிக விலை உயர்ந்தவை. இதைக் கேட்டவுடன், அப்படியானால் 800 மெகாஹெர்ட்ஸில் கட்டிப்போட்டுவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கீழே போகப் போக மின்னழுத்தம் ஓர் அளவுக்கு மேல் இறங்குவதில்லை. வேலையோ நீண்டுகொண்டே போகிறது. அது முடியும் வரை நினைவகமும் உள் இணைப்புகளும் விழித்தே இருக்க வேண்டும், திரையும் எரிந்துகொண்டுதான் இருக்கும். வேலையைச் சட்டென்று முடித்துவிட்டு ஆழ்ந்த ஓய்வுக்குப் போகும் செயலி, இழுத்து இழுத்து வேலை செய்யும் செயலியைவிடக் குறைவாகச் செலவழிக்கும் தருணங்கள் பல. ஆகவே உச்சியை மட்டும் வெட்டிவிட்டு நடுப்பகுதியைத் தொடாமல் விடுவதே என் பயன்பாட்டில் ஒத்துவந்த வழி.

வேகத்தைப் பார்ப்பதிலும் ஒரு பொறி உண்டு. பணிப்பட்டியில் ஒரு சிறு கருவி 3 கிகாஹெர்ட்ஸ் என்று காட்டினால், ஒன்றும் செய்யாமலேயே செயலி முழு வேகத்தில் ஓடுகிறது என்று பலரும் கவலைப்படுகிறார்கள். கெர்னலோடு வரும் டர்போஸ்டாட் கருவியை ரூட் (நிர்வாகி) உரிமையோடு இயக்கினால் படம் வேறாக இருக்கும். அது ஒவ்வொரு கோருக்கும் எத்தனை விழுக்காடு நேரம் விழித்திருந்தது என்பதை ஒரு நெடுவரிசையிலும், விழித்திருந்தபோது எந்த வேகத்தில் ஓடியது என்பதை இன்னொன்றிலும், இரண்டையும் சேர்த்த சராசரியை வேறொன்றிலும் காட்டுகிறது. விழித்திருந்தபோது 3000 மெகாஹெர்ட்ஸ், ஆனால் விழித்திருந்த நேரம் 1.5 விழுக்காடு என்றால் சராசரி வெறும் 45 மெகாஹெர்ட்ஸ்தான். மீதி நேரமெல்லாம் அந்தக் கோர் உறக்கத்தில் இருந்திருக்கிறது. அதே அட்டவணையின் கோடியில் செயலி முழுவதற்கும் எத்தனை வாட் என்ற எண் வருகிறது. கவலைப்படுவதானால் அந்த எண்ணைப் பார்த்துத்தான் கவலைப்பட வேண்டும். (பணிப்பட்டியில் நொடிக்கொரு முறை வேகம் காட்டும் கருவியும் கோர்களை எழுப்பத்தான் செய்கிறது. நான் அதை எடுத்துவிட்டேன்.)

டர்போவை நிறுத்துவது எளிது. இன்டெல் பி-ஸ்டேட் அடைவில் உள்ள நோ டர்போ என்ற கோப்பில் 1 என்று எழுதினால், செயலி தன் அடிப்படை வேகத்தை ஒட்டிய அளவைத் தாண்டாது. பேட்டரியில் எழுதும்போதும் படிக்கும்போதும் இதனால் ஏற்படும் வேறுபாட்டை நான் உணரவில்லை. பெரிய நிரலைக் கம்பைல் செய்யும்போது மட்டும் அது நன்றாகவே தெரிகிறது. டர்போ இயங்கும் நிலையில் எட்டு த்ரெட்களுக்கும் வேலை கொடுத்தால், முதல் சில விநாடிகளுக்குச் செயலி 15 வாட்டை வெகுவாகத் தாண்டிப் பாய்கிறது. குறுகிய நேரத்துக்கு அனுமதிக்கப்பட்ட அந்த உயர்வரம்பு பல மடிக்கணினிகளில் சுமார் 28 விநாடிக்குப் பிறகு முடிவுக்கு வருகிறது. வெப்பம் 90 டிகிரியைத் தாண்டுகிறது, விசிறி இரைகிறது, பின்னர் நீண்டகால வரம்பான 15 வாட்டுக்குள் எவ்வளவு வேகம் அடங்குமோ அதில் வந்து நிற்கிறது. அறையே 35 டிகிரியைத் தொடும் சித்திரை மாதப் பிற்பகலில் அந்த வரம்பைக்கூடத் தாக்குப்பிடிக்க முடியாமல், வெப்பக் காப்புக்காகச் செயலி அவ்வப்போது தானாகவே இறங்குவதை டர்போஸ்டாட்டில் பார்த்திருக்கிறேன். ஆகவே நீண்ட கம்பைலில் டர்போவால் கிடைக்கும் ஆதாயம், 3.4 என்ற எண்ணைப் பார்த்து எதிர்பார்ப்பதைவிடச் சிறியது. ஒற்றை த்ரெட்டில் ஓடும் குறுகிய வேலைகளுக்குத்தான் அதன் அருமை தெரிகிறது. அதனால் மின்னிணைப்பு இருக்கும்போது டர்போவை விட்டுவைத்திருக்கிறேன்.

இனி ஓய்வுநிலைக்கு வருகிறேன். தனித்தனிக் கோர்கள் உறங்குவது ஒன்று. எல்லாக் கோர்களும் உறங்கியபின் செயலிப் பொதி முழுவதும் ஆழ்ந்த நிலைக்குப் போவது இன்னொன்று. இரண்டாவதற்குச் செயலியோடு பேசும் பிற சாதனங்களும் ஒத்துழைக்க வேண்டும். என் கணினி திரை மங்கலாக, எதுவும் ஓடாத நிலையிலும் ஆறரை வாட் அளவுக்கு எடுத்துக்கொண்டிருந்தது. பேட்டரி அடைவில் உள்ள பவர் நவ் என்ற கோப்பு இந்த எண்ணை மைக்ரோவாட்டில் தரும். கவர்னரை எப்படி மாற்றினாலும் அந்த எண் அசையவில்லை. மின்செலவை ஆராயும் பவர்டாப் கருவியில் ஓய்வுநிலைப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, கோர்கள் ஏழாம் நிலை வரை சென்றும் (எண் கூடக் கூட உறக்கம் ஆழமாகும்) பொதி இரண்டு, மூன்றாம் நிலைகளுக்குக் கீழே இறங்கவே இல்லை என்று தெரிந்தது. மெமரி கார்டு செருகும் ரீடர்தான் அதற்குக் காரணம். கார்டு ஏதும் இல்லாதபோதும் அது தன் இணைப்பை விழிப்பிலேயே வைத்திருந்தது. அச்சாதனத்தின் மின்கட்டுப்பாட்டுக் கோப்பில் ஆன் என்றிருந்ததை ஆட்டோ என்று மாற்றியதும் பொதி எட்டாம் நிலை வரை இறங்கியது, மொத்தச் செலவும் ஐந்து வாட்டுக்கு வந்தது. 50 வாட்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியில் இது ஏழரை மணி நேரத்துக்கும் பத்து மணி நேரத்துக்கும் உள்ள வேறுபாடு. அதிர்வெண்ணைத் தொட்டு நான் செய்த எதுவும் இதில் பாதியைக்கூடத் தந்ததில்லை.

காணொளியிலும் இதே கதைதான். ஃபயர்ஃபாக்ஸ் 2023இல் வெளியான 115ஆம் பதிப்பிலிருந்து இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள லினக்ஸ் கணினிகளில் வன்பொருள் வழிக் காணொளி டிகோடிங்கை (சுருக்கிய காணொளியை விரிக்கும் வேலை) இயல்பாகவே செயல்படுத்துகிறது. ஆயினும் யூடியூப் பல காணொளிகளை ஏவி1 என்ற புதிய சுருக்க வடிவில் அனுப்புகிறது. எட்டாம் தலைமுறை இன்டெல் செயலியின் கிராஃபிக்ஸ் பகுதிக்கு ஏவி1 தெரியாது. அதனால் அந்த வேலை முழுவதும் கோர்களின் தலையில் விழுகிறது, விசிறி எழுகிறது. பிரவுசரின் உள்ளமைப்பில் ஏவி1ஐ முடக்கிவிட்டால் யூடியூப் விபி9 என்ற பழைய வடிவுக்கு இறங்கி வருகிறது. அதை வன்பொருளே கையாண்டுவிடும். காணொளி பார்க்கும்போது விசிறி இரைகிறது என்று என்னிடம் கேட்பவர்களுக்குக் கவர்னரைப் பற்றி நான் எதுவும் சொல்வதில்லை. முதலில் இதைப் பார்க்கச் சொல்கிறேன்.

இந்த அமைப்புகளைக் கையால் எழுதினால் மறுதொடக்கத்தில் மறைந்துவிடும் என்பதால் ஏதாவது ஒரு கருவி வேண்டும். நான் நெடுங்காலமாக நம்பியிருப்பது டிஎல்பி என்ற மின்சேமிப்புக் கருவி. ஒரே அமைப்புக் கோப்பில் மின்னிணைப்புக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று என்று எழுதி வைத்துவிட்டால் சார்ஜரைச் செருகும்போதும் எடுக்கும்போதும் அது தானாகவே மாற்றிக்கொள்கிறது. மேலே சொன்ன சாதனங்களின் மின்கட்டுப்பாட்டையும், ஆதரவுள்ள மடிக்கணினிகளில் பேட்டரியை 80 விழுக்காட்டோடு நிறுத்தும் சார்ஜ் வரம்பையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. க்னோம் மேசைச் சூழலின் 41ஆம் பதிப்பிலிருந்து அதன் பட்டியிலேயே மூன்று மின்நிலைகளைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. அதன் பின்னால் இருப்பது பவர் ப்ரொஃபைல்ஸ் டீமன் என்ற பின்னணிச் சேவை. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையின் 41ஆம் பதிப்பில் அதன் இடத்தை டியூன்ட் என்ற சேவை எடுத்துக்கொண்டது. அமைப்புக் கோப்புகளைத் திறந்து பார்க்க விருப்பமில்லாதவர்களுக்கு அந்தப் பட்டியே போதும். ஆட்டோ சிபியுஃப்ரெக் என்ற கருவி சுமையைப் பார்த்து டர்போவைத் தானே திறந்து மூடுகிறது. வன்பொருளே தன் வேகத்தை நிர்வகிக்கும் செயலியில் அது கூடுதலாக எதையும் எனக்குத் தரவில்லை. இவற்றில் இரண்டை ஒரே நேரத்தில் ஓடவிடுவதுதான் செய்யக்கூடாதது. ஒன்று எழுதியதை மற்றொன்று அழித்து எழுதும். பிறகு எந்த அமைப்பு யாருடையது என்று கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிடும்.

மின்னழுத்தத்தைக் குறைத்து ஓட்டும் உத்தியைப் பற்றியும் கேட்பார்கள். அந்த வசதியையே தாக்குதலுக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டி 2019இல் வெளிவந்த பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறைபாட்டுக்குப் பிறகு, பயாஸ் (கணினியைத் துவக்கும் நிரல்), மைக்ரோகோட் (செயலியின் உள் நிரல்) புதுப்பிப்புகள் வழியாகப் பல கணினிகளில் அந்தக் கதவு மூடப்பட்டுவிட்டது. புதுப்பிப்பைத் தவிர்த்து அந்த வசதியைக் காப்பாற்றிக்கொள்வது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

வீட்டில் உள்ள, ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி செயலி கொண்ட மேசைக்கணினியில் கதை சற்று வேறு. ஏசிபிஐ என்ற பழைய பொது டிரைவரில் அதற்கு மூன்றே வேகப் படிகள் தெரிந்தன. 2022இல் 5.17 கெர்னலோடு வந்த ஏஎம்டி பி-ஸ்டேட் டிரைவருக்கு மாறியபின் படிகள் நுணுக்கமாயின, 6.3இல் ஆக்டிவ் நிலை சேர்ந்தபோது இன்டெல் பக்கம் பழகிய அதே சாய்வுக் கோப்பு இங்கும் கிடைத்தது. அதற்குப் பயாஸில் சிபிபிசி (வேகத்தை நுணுக்கமாகக் கேட்க உதவும் வசதி) இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். மின்வெட்டின்போது இந்தக் கணினி இன்வெர்ட்டரில் ஓடுவதால் அதிகபட்ச வேகக் கோப்பில் 4.4 கிகாஹெர்ட்ஸுக்குப் பதிலாக 3.9 கிகாஹெர்ட்ஸுக்கு உரிய எண்ணைக் கிலோஹெர்ட்ஸ் கணக்கில் எழுதிவிடுகிறேன். இழப்பது ஒன்பதில் ஒரு பங்கு வேகம்தான்; விசிறியின் ஓசை குறைவது உடனே காதுக்குத் தெரிகிறது.

கெர்னலின் புதிய பதிப்பு வந்ததும் இரு கணினிகளிலும் டிரைவரின் பெயரையும் அதன் நிலையையும் காட்டும் கோப்புகளை ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது என் வழக்கம். வன்பொருள் வழி நிர்வாகம் இல்லாத பழைய இன்டெல் செயலிகளில் 5.7 கெர்னல் இயல்புநிலையைப் பாசிவுக்கு (முடிவைப் பொதுவான கவர்னரிடம் விடும் நிலை) மாற்றியபோது, அதுவரை பவர்சேவ் என்றிருந்த இடத்தில் பலருக்கு ஷெட்யூட்டில் வந்து நின்றது. 6.5இலிருந்து பல ரைசன் கணினிகளில் ஆக்டிவ் நிலையே இயல்பாக வந்துவிடுவதால், துவக்க வரியில் நான் சேர்த்திருந்த அளவுருவையும் அதன்பின் நீக்கிவிட்டேன்.