கேமை மாற்றித் தருவதாக 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏமாற்றிய ஊட்டி கணினிக் கடை: ஓர் எச்சரிக்கை

நீலகிரியில் புதிய கணினி வாங்கப் போகிறவர்கள், குறிப்பாக இணைய விளையாட்டு ஆடுகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பழைய கணினியில் நிறுவியிருந்த விளையாட்டை அப்படியே புதியதற்கு மாற்றித் தருவதாகச் சொல்லி என்னிடம் 4,500 ரூபாய் வாங்கிய ஊட்டி கடை ஒன்று, விளையாட்டையும் மாற்றவில்லை, பணத்தையும் திருப்பித் தரவில்லை, பழைய டிஸ்க்கில் இருந்ததையும் அழித்துவிட்டது. புகார் கொடுத்திருப்பதால் பெயரை எழுதவில்லை. பழைய கணினியை எடுத்துக்கொண்டு புதியது தரும், பழுதும் பார்க்கும் வகைக் கடை என்று மட்டும் சொல்கிறேன்.

மாற்ற வேண்டிய தேவை ஏன் வந்தது என்பது மலையில் இருப்பவர்களுக்குப் புரியும். அந்த விளையாட்டின் அளவு 96 ஜிபி. கோத்தகிரியில் என் வீட்டுக்கு வரும் இணைப்பில், விநாடிக்கு 10 மெகாபிட் வேகம் தடையின்றிக் கிடைத்தால்கூட அதைப் பதிவிறக்க இருபத்தொரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வடகிழக்குப் பருவமழையில் ஒரு கற்பூர மரம் சாய்ந்தால் மின்சாரமும் போகும், கம்பத்தில் தொங்கும் ஃபைபர் கேபிளும் அறுந்துபோகும். கல்லூரி நண்பர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் சிதறிக் கிடக்க, இரவில் நாங்கள் ஒன்றுசேர்வது அந்த விளையாட்டில்தான். எனவே ஏற்கெனவே இறங்கியிருந்த கோப்புகளை நகலெடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன், நினைத்தது சரியும்கூட.

கடைக்காரர் என் பேச்சைப் பொறுமையாகக் கேட்டார். நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, "இது டெய்லி பண்றதுதான் சார், கேம் அப்படியே வந்துரும், நீங்க போய் ஆன் பண்ணி விளையாட வேண்டியதுதான்" என்றார். கோப்புகளை நகலெடுக்க 2,000 ரூபாய், விளையாட்டின் 'லைசென்ஸை' புதிய கணினிக்கு மாற்ற 2,500 ரூபாய், ஆக 4,500 ரூபாய் என்று கணக்குச் சொன்னார். விளையாட்டு டி டிரைவில் இருக்கிறது என்பதை அவர் எதிரிலேயே திறந்து காட்டினேன். "பார்த்துட்டேன் சார், விடுங்க" என்றார். ரசீது என்று அவர் தந்தது, தேதியோ ஜிஎஸ்டி எண்ணோ இல்லாத ஒரு வெள்ளைத் தாள்; அதில் நீலப் பேனாவில் 'கேம் டிரான்ஸ்ஃபர் 4500' என்று மட்டும் எழுதியிருந்தது. கணினியை எடுக்கப் போனபோது, "ராத்திரி முழுக்க காப்பி ஓடுச்சு சார்" என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து திரையில் இருந்த விளையாட்டின் படத்தைச் சொடுக்கினால், கோப்பு கிடைக்கவில்லை என்ற செய்தி வந்தது. வலது சொடுக்கில் அதன் அளவைப் பார்த்தேன்: 2 கேபி. அது வெறும் ஷார்ட்கட், விளையாட்டு இருக்கும் இடத்தைக் காட்டும் குறி மட்டுமே. சி டிரைவில் இருந்த லாஞ்சரையும் (விளையாட்டை நிறுவவும் திறக்கவும் உதவும் மென்பொருள்) இந்த ஷார்ட்கட்டையும் நகலெடுத்துவிட்டு, டி டிரைவில் இருந்த 96 ஜிபி பக்கமே அவர்கள் போகவில்லை. லாஞ்சரில் நுழைந்தால் என் கணக்கு சரியாகத் திறக்கிறது, கீழே 'நிறுவு' என்ற பொத்தான் நிற்கிறது. இரவு முழுக்க எது ஓடியது?

அந்த 'லைசென்ஸ்' கட்டணம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் ஆடும் விளையாட்டில், இத்தகைய பெரும்பாலான இணைய விளையாட்டுகளைப் போலவே, உரிமையும் கதாபாத்திரமும் ஏறிய நிலைகளும் நிறுவனத்தின் சர்வரில் நம் கணக்கோடுதான் இருக்கின்றன. புதிய கணினியில் அதே கணக்கில் நுழைந்தால் எல்லாம் தானாக வரும். அங்கே மாற்றுவதற்கு எதுவுமே இல்லை. இல்லாத வேலைக்கு 2,500 ரூபாய், செய்யாத வேலைக்கு 2,000 ரூபாய். டிஸ்க்கில் மட்டுமே இருந்தவை வேறு: நண்பர்களோடு ஆடிய ஆட்டங்களின் பதிவுகள், பல மாதங்களாகப் பார்த்துப் பார்த்து அமைத்த விசை அமைப்புகள். அவை போனவை போனவைதான்.

தொலைபேசியில் கேட்டபோது, "கேம் கம்பெனி சர்வர்ல பிரச்சனை இருக்கும், நாளைக்குப் பாருங்க" என்றார். பிறகு டெக்னீசியன் கோயம்புத்தூர் போயிருக்கிறான் என்றார். அதன் பின் அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டார். தொட்டபெட்டா சந்திப்பில் முன்னால் போகும் வண்டி தெரியாத மூடுபனியில் பேருந்தேறி நேரில் போனால், பழைய கணினியை ஃபார்மட் செய்து விற்றாயிற்று என்று பில் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார். 4,500 ரூபாயைக் கேட்டதற்கு, "ஒரு கேமுக்குப் போய் இவ்வளவு பேசறீங்களே சார், திரும்ப டவுன்லோடு பண்ணிக்கலாமே" என்றார். பதிவிறக்கத்தைத் தவிர்க்கத்தானே அவருக்கு 4,500 ரூபாய் கொடுத்தேன்! விளையாட்டு என்பதால் வாடிக்கையாளரின் பணம் பணமில்லாமல் போய்விடுமா?

என்ன செய்ய வேண்டும் என்பதை விரிவாக எழுத நினைத்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. விளையாட்டின் முழுக் கோப்புறையை நீங்களே வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். அந்த டிஸ்க் ஃபேட்32 வடிவில் (டிஸ்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் முறைகளில் ஒன்று) இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக இருக்கட்டும். புதிய கணினியில் லாஞ்சரை நிறுவி, நகலெடுத்த இடத்தைக் காட்டி, கோப்புகளைச் சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்தால் பெரும்பாலும் விடுபட்டவை மட்டும் இறங்கும். கணினி விளையாட்டுகளை விற்கும் தளமான ஸ்டீமில் ஆடுகிறவர்களுக்கு, ஒரே வீட்டு நெட்வொர்க்கில் உள்ள இரு கணினிகளுக்கு இடையே நேரடியாக நகலெடுக்கும் வசதி 2023 முதல் இலவசமாகவே இருக்கிறது. புதியதில் விளையாட்டு ஓடுவதைக் கண்ணால் பார்க்கும் வரை பழைய கணினியைக் கொடுக்காதீர்கள். கணக்கின் கடவுச்சொல்லைக் கடைக்காரர் கேட்டால் சொல்லாதீர்கள். ஜிஎஸ்டி எண்ணுள்ள பில் தர மறுக்கும் கடையில் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். நான் அங்கேதான் அந்த வெள்ளைத் தாளின் படத்தோடு 4,500 ரூபாய்க்குப் புகார் கொடுத்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.