டிக்கியைத் தாங்குகிறது, என்னால்தான் தாங்க முடியவில்லை

காரின் டிக்கிக் கதவைத் தூக்கிப் பிடிக்க, பக்கத்துக்கு ஒன்றாக நான் வாங்கிப் போட்ட காஸ் ஸ்ட்ரட் ஜோடி இப்போது விலை குறைந்திருக்கிறதாம். வாங்கலாமா என்று நண்பர் கேட்கிறார். அவருடைய காரில் கதவு பாதி உயரத்தில் நின்று, போகலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கீழே இறங்குகிறதாம். ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் இந்த ஜோடியின் மேல் எனக்கு இருக்கும் மனத்தாங்கல் ஒரு வரியில் அடங்காது.

முதலில் அதற்குரிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். மாற்றிய பிறகு குளிர்காலங்கள் வந்து போய்விட்டன. கதவு ஒரு தடவைகூடத் தானாக இறங்கியதில்லை. குளிர்காலத்தை ஏன் சொல்கிறேன் என்றால், ஸ்ட்ரட்டின் யோக்கியதை தெரிவது அப்போதுதான். ஸ்ட்ரட் என்பது ஒரு சிலிண்டரும், அதற்குள்ளிருந்து நீண்டு கதவைத் தள்ளும் ஒரு தண்டும்தான். உள்ளே அடைத்திருப்பது நைட்ரஜன் வாயு. சிலிண்டரின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் 550 நியூட்டன் என்று போட்டிருந்தால், அது 20 டிகிரி செல்சியஸில் அளந்த கணக்கு. வெப்பநிலை பூஜ்யத்துக்கு இறங்கினால் அந்த விசையில் ஏறக்குறைய 7 சதவீதம் போய்விடும். 40 டிகிரிக்கு ஏறினால் அதே அளவு கூடும். புதிய ஸ்ட்ரட்டுக்கு இந்த ஏற்ற இறக்கம் ஒரு பொருட்டே இல்லை. வயதான ஸ்ட்ரட்டுக்கு இதுதான் வாழ்வா சாவா. என்னுடைய பழைய ஜோடி, வெயிலில் நின்ற காரில் சமர்த்தாகக் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கும். விடியற்காலையில் பையை எடுக்கக் குனிந்தால் பிடரியில் இறக்கும். மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ச் சேர்வதற்குள் மதியம் ஆகிவிடும். "நன்றாகத்தானே நிற்கிறது, சார்?" என்பார்.

இந்த ஜோடியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தண்டில் எண்ணெய்க் கசிவு இல்லை. முலாம் உரியவில்லை, துரு இல்லை. இரண்டு முனைகளிலும் ஆட்டம் இல்லை. பிடியை அழுத்திக் கதவைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்கிறது. எழும்புகிறது, மேலே போகிறது, டொம்.

இந்த டொம்மைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

கார் தயாரிப்பாளர் போட்டுத் தந்த பழைய ஸ்ட்ரட் தன்னுடைய நல்ல நாட்களில் கதவைச் சீராகத் தூக்கும். கடைசி ஒரு சாண் தூரம் இருக்கும்போது வேகத்தைத் தணித்துக்கொள்ளும், தூங்குபவர்களைத் தாண்டிப் போகிறவன் காலை எடுத்து வைப்பது போல. எந்த இடத்தில் நின்றது என்றே தெரியாது. அது இருந்தவரை அதை நான் கவனித்ததும் இல்லை. புதியதோ ஒரே ஓட்டமாக ஓடி, முழு நீளத்துக்கு நீண்டு, இடித்து நிற்கிறது. கதவு ஒரு தடவை துள்ளுகிறது. உள்பக்கத்து பிளாஸ்டிக் பலகை கிரீச்சிடுகிறது. பின்கண்ணாடித் துடைப்பானின் கை கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டுகிறது. பின்சீட்டில் யாராவது தூங்கிக்கொண்டிருந்தால் எழுந்துவிடுகிறார்கள். காரில் இடித்துவிட்டார்களோ என்று அக்கம்பக்கத்தில் திரும்பிப் பார்த்ததும் உண்டு.

ஸ்ட்ரட்டைத் தலைகீழாக மாட்டியிருப்பாய் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சந்தேகம் நியாயமானது. உள்ளே வாயுவோடு கொஞ்சம் எண்ணெயும் இருக்கிறது. கதவு திறந்திருக்கும்போது தண்டு கீழ்நோக்கி இருந்தால் எண்ணெய் தண்டு வெளியே வரும் பக்கமாக வந்து தேங்கும். தண்டு நீளும்போது அதன் உள்முனையில் இருக்கும் பிஸ்டன் அதே பக்கமாகத்தான் வரும். வாயுவுக்குள் வரும்வரை வேகமாக வரும். தேங்கிய எண்ணெயைத் தொட்டதும், பிஸ்டனில் இருக்கும் சிறு துளை வழியாக எண்ணெய் மெல்ல மெல்லத்தான் நழுவ முடியும் என்பதால் வேகம் விழும். கடைசி ஒரு சாண் அடக்கம் வருவது இப்படித்தான். தண்டு வெளியே வரும் வாயில் கசியாமல் அடைத்திருக்கும் சீல் காய்ந்துபோகாமல் நனைந்திருப்பதும் இதே எண்ணெயால்தான். தண்டை மேல்நோக்கி மாட்டினால் இரண்டும் கெடும். என்னுடைய காரில் சிலிண்டர் கதவோடும் தண்டு உடலோடும் சேர்ந்திருக்கின்றன. கதவைத் திறந்து நிறுத்தினால் தண்டு கீழ்நோக்கியே இருக்கிறது. பழையதும் அப்படித்தான் இருந்தது. ஆகவே மாட்டியதில் கோளாறு இல்லை. தயாரித்தவர்கள் எண்ணெயில் கைவைத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். வெட்டிப் பார்த்து நிரூபிக்க முடியாது. ஏன் முடியாது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சத்தத்தோடு போனால்கூடப் பொறுத்திருப்பேன். மழைக்காலத்தில் என்ன ஆகிறது தெரியுமா? நம்பர் பிளேட்டுக்கு மேலே, விளக்கும் கைப்பிடியும் இருக்கும் அந்தக் குழிவில் தண்ணீர் தங்கும். முன்பெல்லாம் கதவு மெதுவாக ஏறி முடிப்பதற்குள் அது பக்கவாட்டில் வழிந்து போய்விடும். இப்போது கதவோடு சேர்ந்து தண்ணீரும் மேலே வருகிறது. கதவு இடித்து நிற்க, தண்ணீர் மட்டும் கதவை விட்டு என் தலையில் இறங்குகிறது. குடையை மடக்கிவிட்டு டிக்கிக்குள் குனிகிற சரியான நேரத்தில், சட்டைக் காலருக்குள். வெயில் காலத்தில் தண்ணீர் இல்லை, ஆனால் சத்தம் இரட்டிப்பு: சூட்டில் வாயுவின் விசை ஏறுகிறது, எண்ணெயும் இளகிவிடுகிறது. குளிரில்தான் ஓரளவு மரியாதையாக நடந்துகொள்கிறது. வெளியே எத்தனை டிகிரி இருக்கும் என்று இப்போது டிக்கியைத் திறந்தே என்னால் ஏறக்குறையச் சொல்ல முடியும்.

இதற்கு மாற்று உண்டா என்று பார்த்தாயிற்று. இடிக்கும் இடத்தில் ரப்பர் வைக்கலாம் என்றால், இடிக்கும் இடம் என்று வெளியே ஒன்றும் இல்லை. பெரும்பாலான கார்களில் கதவு எவ்வளவு உயரம் போகலாம் என்பதைத் தீர்மானிப்பதே ஸ்ட்ரட்டின் நீளம்தான். இடி சிலிண்டருக்கு உள்ளேயே நடக்கிறது. தண்டில் கிரீஸ் தடவச் சிலர் சொன்னார்கள். தடவக் கூடாது. தூசி ஒட்டி, அந்தத் தூசியே சீலை அறுத்துவிடும். மிச்சம் இருக்கும் ஒரே வழி, கதவு ஏறும்போது அதன் விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டு கூடவே போவது. இரண்டு கையிலும் பை இருக்கும்போது கதவு தானாகத் திறக்க வேண்டும் என்பதற்காகத்தானே ஸ்ட்ரட்டே? அந்த இடி முழுவதையும் வாங்குவது இரு முனைகளிலும் இருக்கும் பந்துத்தலை ஆணிகள். அவற்றை அவ்வப்போது ஸ்பேனர் வைத்துச் சோதிக்கிறேன். இதுவரை தளரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாட்டும் வேலையைப் பற்றியும் நண்பர் கேட்டிருந்தார். பெரிதாக ஒன்றும் இல்லை. கதவை முழுக்கத் திறந்து, துணி சுற்றிய கழியால் பலமாக முட்டுக்கொடுக்க வேண்டும்; பக்கத்தில் ஓர் ஆளும் வேண்டும். எனக்கு மகள் நின்றாள். "அப்பா, கழிதான் தாங்குகிறதே, நான் எதற்கு?" என்றாள். கழி வழுக்கினால் சொல்வதற்கு என்றேன். ஒவ்வொரு முனையிலும் ஒரு சிறிய கம்பிக் கிளிப் இருக்கும். அதன் முதுகில் மெல்லிய திருப்புளியின் நுனியைச் செருகி ஒரு நூல் அளவு நெம்பினால் போதும், முனை பந்திலிருந்து கழன்று வரும். கிளிப்பை முழுக்க உருவப் பார்த்தால் அது எங்கே தெறித்து விழும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு பக்கத்துப் பழையதைக் கழற்றியதும் அந்தப் பக்கத்துக்குப் புதியதை மாட்டிவிட்டு மறுபக்கம் போவது நல்லது. புதியதைக் கையால் அமுக்கி நீளத்தைச் சரிக்கட்டலாம் என்று நினைக்க வேண்டாம். 550 நியூட்டன் என்பது கிட்டத்தட்ட 56 கிலோ பாரம். கதவைத்தான் ஓரிரு மில்லிமீட்டர் ஏற்றி இறக்கி, பந்துக்கு நேராக முனையைக் கொண்டுவந்து உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்த வேண்டும். டக் என்று உட்காரும். இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மின்மோட்டாரில் திறந்து மூடும் கதவு உள்ளவர்கள் திருப்புளியைக் கையில் எடுக்கவே வேண்டாம். அது வேறு வேலை.

கழற்றிய பழையவற்றைத் தரையில் ஊன்றி அழுத்திப் பார்த்தேன். ஒன்று கொஞ்சம் முரண்டு பிடித்தது. மற்றது கையின் பாரத்துக்கே உள்ளே போய்விட்டது. செத்ததை மட்டும் மாற்றினால் பணம் மிச்சம் என்று தோன்றும். தோன்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் பலமாகத் தள்ளினால் கதவு முறுக்கிக்கொள்ளும். நாளடைவில் பூட்டு கோணலாக விழும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை பந்தின் மையத்திலிருந்து மையம் வரையிலான முழு நீளம், தண்டின் ஓட்டம் (அது உள்ளே போய் வரும் தூரம்), விசை. இதில் பலரும் கோட்டை விடுவது ஓட்டத்தில். அது குறைந்தால் கதவு மூடும் முன்பே ஸ்ட்ரட் உள்ளே முட்டிவிடும்; அதை உணராமல் ஓங்கி அடித்து மூடினால் கீலோ தகடோ வளையும். அதனால் முதல் தடவை மெதுவாக மூடிப் பார்க்க வேண்டும். விசையைப் பொறுத்தவரை, "ஒரு படி கூடுதலாகப் போடுங்கள், நாள்படும்" என்று சொல்ல ஆள் இருப்பார்கள். கதவின் மேல் சைக்கிள் தாங்கி போன்ற எடை ஏற்றியிருந்தால் அது சரி. இல்லாவிட்டால் மூடுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும், கீலுக்கும் ஓயாத வேலை. எனக்கு வந்த ஜோடியில் நீளம், ஓட்டம், விசை எல்லாம் சீட்டில் போட்டபடியே, பழையதற்கு மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்தின. எண்ணெயைப் பற்றி எந்தச் சீட்டிலும் போடுவதில்லை.

பழையவற்றை என்ன செய்வது? அழுத்தம் குறைந்ததுதான் கெட்டுப்போனதற்குக் காரணம், ஆனால் குறைந்தது என்றால் காலி என்று பொருள் இல்லை. 10 மி.மீ. தண்டுள்ள ஒரு புதிய ஸ்ட்ரட் 550 நியூட்டன் தள்ள வேண்டுமானால் உள்ளே சுமார் 70 பார், அதாவது 1,000 பிஎஸ்ஐ அழுத்தம் இருக்க வேண்டும். கார் டயரில் நாம் அடிப்பது 32, 33 பிஎஸ்ஐ. கதவைத் தூக்க முடியாத ஸ்ட்ரட்டிலும் ஆளைக் கிழிக்கப் போதுமான அழுத்தம் மீதம் இருக்கும். ஆகவே ரம்பம், துளையிடும் கருவி, நெருப்பு எதையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. குப்பையிலும் போட வேண்டாம், அது எரியும் இடத்துக்குப் போய்ச் சேரலாம். அழுத்தத்தை முறைப்படி வெளியேற்றத் தெரிந்த பணிமனையில் கொடுத்துவிடுங்கள். எண்ணெய் விஷயத்தை என்னால் வெட்டி நிரூபிக்க முடியாததும் இதனால்தான்.

இனி நண்பருக்குப் பதில். கதவைத் தாங்குகிறதா? கல்லாகத் தாங்குகிறது. அளவு சரியா? மிகச் சரி. நாள்பட உழைக்கிறதா? உழைக்கிறது. வாங்கலாமா? வேண்டாம். விலை இன்னும் பாதியாகக் குறைந்தாலும் வேண்டாம். உங்கள் கார் தயாரிப்பாளரின் ஸ்ட்ரட்டையே, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த விலை கொடுத்து வாங்குங்கள். அப்படியானால் நீ ஏன் இன்னும் மாற்றவில்லை என்பீர்கள். நன்றாக வேலை செய்யும் பொருளைக் கழற்றி எறிய மனம் வரவில்லை. வாயு கசியக் கசிய விசை குறையும், விசை குறைந்தால் டொம்மும் அடங்கும் என்று காத்திருக்கிறேன். சீல் அதற்கும் விடமாட்டேன் என்கிறது. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.