நிழல் விழும் சின்னக் கொல்லைப்புறம்: சிமென்ட் தளமா, புல்லா, கூழாங்கல்லா, செடிகளா?

சென்னையில் அரை கிரவுண்டில் கட்டிய தனி வீட்டுக்குப் பின்னால் மிஞ்சும் இடம் பெரும்பாலும் பத்தடிக்குப் பதினைந்தடிதான். ஒரு பக்கம் நம் வீட்டுச் சுவர், மறுபக்கம் காம்பவுண்டுச் சுவர், அதைத் தாண்டி மூன்று மாடிக் கட்டடம். வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. இப்படிப்பட்ட இடத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் யோசனைகளை எடைபோட்டுப் பார்க்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மண்ணை முழுக்க மூடுகிற எந்த யோசனைக்கும் நான் எதிரி.

முதலில் நிழலின் கணக்கு. சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது உச்சிக்கு வடக்கே சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. ஆகவே வீட்டுக்கு வடக்கே உள்ள கொல்லைக்கு மே, ஜூன், ஜூலையில் நண்பகல் வெயில் கிடைக்கும். டிசம்பரில் இருபதடி உயர வீட்டின் நிழலே ஏறக்குறைய பதினைந்தடி நீண்டு பத்தடிக் கொல்லையை முழுதாக மூடிவிடும். தெற்குக் கொல்லைக்கு அக்கம்பக்கத்துக் கட்டடம்தான் எமன். முப்பதடிக் கட்டடம் டிசம்பர் நண்பகலில் இருபத்திரண்டு அடிக்கு நிழல் வீழ்த்தும். வடக்கோ தெற்கோ, வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் மாதங்களில்தான் நிழலும் அடர்த்தி. நனைந்த தரை காயவே காயாது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஈரத்தில் அது தாக்குப்பிடிக்குமா என்பதுதான் முதல் கேள்வி.

சிமென்ட் தளம் இந்தத் தேர்வில் மோசமாகத் தோற்கிறது. பெருக்குவது எளிது, பாத்திரம் துலக்கலாம், துணி துவைக்கலாம் என்பதெல்லாம் உண்மை. ஆனால் காயாத சிமென்ட்டில் ஐப்பசியிலேயே பாசி படர்ந்துவிடும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அது ஆபத்து. அதைவிடப் பெரிய இழப்பு தண்ணீர். நூற்றைம்பது சதுர அடி என்பது ஏறத்தாழ 14 சதுர மீட்டர். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். அப்படியென்றால் அந்தச் சின்னக் கொல்லையின் மீது மட்டும் ஆண்டுக்கு 19,000 லிட்டருக்கு மேல் விழுகிறது. மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. மொட்டை மாடித் தண்ணீருக்குக் குழாய் வைத்துவிட்டு, தானாகவே உறிஞ்சிக்கொள்ளும் மண்ணைச் சிமென்ட்டால் அடைப்பது எனக்கு மனம் பொறுக்காத காரியம். துவைக்கவும் துலக்கவும் ஒரு மூலையில் மூன்றடிக்கு நான்கடி மேடை போதும்.

புல்தரை பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. அருகம்புல்லும் கொரியன் புல்லும் நல்ல வெயில் கேட்பவை. நிழலில் மெலிந்து, திட்டுத்திட்டாகச் சொட்டையாகிவிடும். நிழல் தாங்கும் பஃபலோ புல்லுக்கும் தினம் நாலு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். செயற்கைப் புல் பார்க்கப் பச்சையாக இருக்கும், ஆனால் அது பிளாஸ்டிக். ஈர நிழலில் அதன் அடியில் பூஞ்சை பிடித்து நாற்றமெடுக்கும். இரண்டையும் தள்ளிவிடலாம்.

கூழாங்கல்லுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. தண்ணீர் இறங்கும், சேறு ஒட்டாது, வெயிலே தேவையில்லை. ஆனால் மேலே வேப்பமரமோ மாமரமோ இருந்தால் சருகு கல்லிடுக்கில் விழுந்து மட்கி, அதில் களை முளைக்கும். துடைப்பத்தால் பெருக்கவும் முடியாது. வீட்டுச் சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்குப் போட்டால் மட்டும் இது உண்மையிலேயே பயன்படும்: கூரைத் தண்ணீர் தெறித்து மண் சுவரில் அப்பாது, செடியும் சுவரை நெருங்காது. ஈரமும் கரையானும் வீட்டுக்குள் வராமலிருக்க அந்த ஓரடி இடைவெளி அவசியம்.

நடக்கிற இடத்துக்கு, கலவை போடாமல் மணல் மேல் படுக்கவைத்த கல் சரி. பளபளப்பாக மெருகேற்றிய கடப்பா கல் வேண்டாம், வழுக்கும். சொரசொரப்பான கருங்கல் பலகைகள் நல்லவை. இரண்டு விரல் இடைவெளி விட்டால் மழை இறங்கிவிடும். பேவர் பிளாக்கும் இதே வேலையைச் செய்யும், அடியில் கான்கிரீட் போடாதவரை.

இனி செடிகள். நிழலில் ஒன்றும் வராது என்று சொல்பவர்கள் வெற்றிலைக் கொடிக்காலை நினைத்துப் பார்க்க வேண்டும். அகத்தியை வளர்த்து, அதன் நிழலிலும் தண்டிலும்தான் வெற்றிலையைப் படரவிடுகிறார்கள். நம் காம்பவுண்டுச் சுவரோரத்தில் இரண்டு கொம்பு நட்டால் வெற்றிலை ஏறிவிடும். திப்பிலியும் நிழல் விரும்பிதான். வல்லாரை ஈரம் இருந்தால் தரையோடு தரையாகப் பரவி, புல் செய்யத் தவறிய வேலையைச் செய்துவிடும். துவைக்கும் மேடைத் தண்ணீர் ஓடும் பக்கம் சேம்பு வைக்கலாம். பழைய கொல்லைகளில் அதன் இடம் அதுதான். ஆடாதோடை சுவரோரத்தில் மறைப்பாக வளரும். மஞ்சளும் இஞ்சியும் பாதி நிழலில் நன்றாக இலை விடும், கிழங்கு மட்டும் சற்றுக் குறையும். பூ வேண்டுமென்றால் கனகாம்பரம். மல்லிகையும் செம்பருத்தியும் வெயிலுக்கு ஏங்கி மொட்டு வைக்காமல் நிற்கும் இடத்தில், இது பாதி நிழலிலேயே பூத்துக்கொண்டிருக்கும். நந்தியாவட்டையும் தாங்கும். நர்சரிகளில் அழகுக்காகத் தரும் கலேடியம், டைஃபன்பேக்கியா இரண்டும் நிழலில் செழிக்கும். ஆனால் கடித்தால் வாய் எரிந்து வீங்கும். தவழும் குழந்தையோ நாயோ இருக்கும் வீட்டுக்கு வேண்டாம்.

செடிக்கும் தொல்லைகள் உண்டு. மழைக்காலத்தில் ஆப்பிரிக்க நத்தை வந்து ஒரே இரவில் இலைகளை அரித்துவிடும். சாயங்காலம் கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புக் கரைசலில் போடத்தான் வேண்டும். கொசு வருமே என்று பலர் பயப்படுகிறார்கள். டெங்கு கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில்: தொட்டியின் அடித்தட்டு, கவிழ்க்காத வாளி, தேங்காய்ச் சிரட்டை. நீர் உறிஞ்சும் மண்ணில் அது பெருகாது. ஆகவே நிழல் கொல்லைக்குத் தொட்டிகளைவிட நேரடி மண்பாத்தியே மேல். சருகை எரிக்காமல் மூடாக்காகச் செடியைச் சுற்றிப் போட்டால் கோடையில் தண்ணீர் ஊற்றும் வேலையும் பாதி குறையும்.

இந்தப் பத்துக்குப் பதினைந்தை நான் பிரித்தால் மேடைக்கு ஒரு மூலை, சுவரோரம் ஓரடி கூழாங்கல், கதவிலிருந்து மேடைவரை இரண்டடிக் கருங்கல் பாதை, மிச்சம் முழுவதும் பாத்தி. ஏற்கெனவே சிமென்ட் போட்டவர்கள் காம்பவுண்டை ஒட்டி மூன்றடி அகலத்தை மட்டும் உடைத்து எடுக்கலாம். அடியில் இருப்பது கட்டடக் கழிவாக இருந்தால் ஓரடி ஆழம் தோண்டி அகற்றிவிட்டு, செம்மண்ணும் தொழு உரமும் கலந்து நிரப்ப வேண்டும். மண்மட்டம் வீட்டுத் தரைக்குக் குறைந்தது அரையடி கீழே இருக்கட்டும். வேலையை ஆடியில் தொடங்கி ஆவணிக்குள் நட்டுவிட்டால், ஐப்பசி அடைமழை வருவதற்குள் வேர் பிடித்திருக்கும்.