முள் இல்லாத கத்திரிக்காய்க்கு ஆறாயிரம் ரூபாய்

வேலூரில் அனிமேஷன் வீடியோ செய்யக் கொடுக்கப் போகிறீர்களா? முன்பணம் நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அப்பா இலவம்பாடியில் முள்ளுக் கத்திரி போடுகிறார். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த அதே காய்தான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட ஒரு நிமிட வீடியோ செய்யலாம் என்று தோன்றியது. தோட்டத்தில் அப்பா பேசுவதும் பறிப்பதுமாகப் போனில் பதினாலு கிளிப் எடுத்தேன். அவற்றை வெட்டிச் சேர்த்து, நடுவில் ஒரு கார்ட்டூன் கத்திரிக்காய் ஓடி வரவேண்டும், அவ்வளவுதான்.

ஆபீசர்ஸ் லைன் பக்கம் மாடியில் ஒரு ஸ்டுடியோ. ஆறாயிரம் பேசி, நாலாயிரம் முன்பணம் கொடுத்தேன். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் அப்பாவும் தெரிந்தார், கத்திரிக்காயும் ஓடியது. மீதி இரண்டாயிரத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டு பென் டிரைவோடு வந்தேன். நான் செய்த முட்டாள்தனம் அதுதான்.

வீட்டில் போட்டால் வெறும் வெள்ளைத் திரையில் கத்திரிக்காய் மட்டும் ஓடுகிறது. அப்பா இல்லை!

காரணம் பிறகுதான் தெரிந்தது. அவர்கள் பயன்படுத்திய அடோபி அனிமேட் என்ற அனிமேஷன் மென்பொருளில், எம்பி4 வீடியோவை டைம்லைனில், அதாவது காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டையில், பதிக்க ஒரு வழி உண்டு. அது வரைகிறவர் பார்த்து வரைவதற்கு மட்டும். முடித்த வேலையை ஃபைலாக ஏற்றுமதி செய்யும்போது அந்த வீடியோ வெளியே வராது. இம்போர்ட் செய்யும் பெட்டியிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. தொழில் செய்கிறவர் படித்திருக்க வேண்டாமா?

திரும்பப் போனேன். ஸ்டுடியோக்காரர் கிளிப்புகளைப் படம் படமாகப் பிரித்து உள்ளே போட்டுத் தந்தார். இப்போது அப்பா வந்தார், ஆனால் தண்ணீருக்குள் நடப்பவர் போல. பேச்சு முடிந்த பிறகும் வாய் அசைகிறது. போனில் எடுத்தது வினாடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படம்; அவர் வைத்திருந்த ஃபைல் 24. பத்து வினாடிக் காட்சி பன்னிரண்டரை வினாடியாக இழுபடுகிறது, குரல் மட்டும் பத்திலேயே நின்றுவிடுகிறது. இதைச் சொன்னதற்கு, "உங்க போன் சரியில்ல சார்" என்றார். சரி, திருத்தக்கூடிய மூல ஃபைலையாவது கொடுங்கள், வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதற்குத் தனியாக இரண்டாயிரத்து ஐந்நூறாம். பில்லும் கிடையாது, எதைக் காட்டிச் சண்டை போடுவது?

கடைசியில் காட்பாடியில் படிக்கும் அக்கா மகன் இரண்டு சாயங்காலத்தில் முடித்தான். பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருள் இலவசம்தான், அதிலேயே வீடியோ வெட்டும் பகுதியும் இருக்கிறது. முதலில் ஃபிரேம் வேகத்தை 30 என்று வைத்தான், கிளிப்புகளை வெட்டி வரிசைப்படுத்தினான், கத்திரிக்காயைப் பின்னணி இல்லாத படங்களாக அதன் மேல் அடுக்கினான். எம்பி4 ஆக எடுத்து என் போனுக்கே அனுப்பி ஓட்டிக் காட்டினான்.

கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், நீளம், ஃபிரேம் வேகம், நெட்டையா படுக்கையா, மூல ஃபைல் உண்டா என்பதெல்லாம் பில்லில் எழுதி வாங்குங்கள். வீடியோவை உங்கள் போனில் ஓட்டிப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. அந்த ஸ்டுடியோ வரைந்த கத்திரிக்காயில் ஒரு முள்கூட இல்லை. கேட்டதற்கு, "முள்ளு போட்டா எக்ஸ்ட்ரா ஆகும் சார்" என்றார்.