பத்து சாக்கெட் பெடல் பவர் சப்ளை: ஐந்து மாதம் வாசித்த பிறகு

ஐந்துக்கு இரண்டரை ஸ்டார்.

கிட்டார் பெடல்களுக்கு, அதாவது கிட்டாரின் ஒலியை மாற்ற காலால் அழுத்தும் சின்னப் பெட்டிகளுக்கு, கரண்ட் கொடுக்கும் பெட்டி இது. ஆன்லைனில் 2,900 ரூபாய்க்கு வாங்கினேன். பிராண்ட் பெயரைச் சொல்லப் போவதில்லை, இதே கறுப்புப் பெட்டி நாலைந்து பெயர்களில் கிடைக்கிறது. சுவரில் செருக ஒரு 18 வோல்ட் அடாப்டர், பெட்டியில் பத்து சாக்கெட்: ஏழு 9 வோல்ட் 100 மில்லி ஆம்பியர், ஒன்று 9 வோல்ட் 500, அப்புறம் 12 வோல்ட் ஒன்று, 18 வோல்ட் ஒன்று. மேலே பெரிய எழுத்தில் 'ஐசொலேட்டட்', அதாவது ஒவ்வொரு சாக்கெட்டும் மற்றதோடு ஒட்டாமல் தனித்தனி என்று. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காசு கொடுத்தேன். அதுவரை ஒரே அடாப்டரில் ஐந்து பின் தொங்கும் டெய்சி செயினில்தான் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

நான் ஞாயிறு ஆராதனைக்கு கிட்டார் வாசிப்பவன். பாட்டு போகும்போது ஒன்றும் தெரியாது, பாட்டு முடிந்து போதகர் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்ன பிறகுதான் என் ஆம்ப்பிலிருந்து காதோரக் கொசு மாதிரி 'ஙொய்' என்று ஒன்று கிளம்பும், முன் வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் திறந்து பார்ப்பார்கள். இந்தப் பெட்டி வந்தால் அது நிற்கும் என்று நினைத்தேன். கொஞ்சம்கூடக் குறையவில்லை.

ஒரு நாள் மாலை உட்கார்ந்து தேடினேன். முதலில் கிட்டாரை நேராக ஆம்ப்பில் செருகினேன், சத்தமே இல்லை. பிறகு பெடல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தேன். எப்போதும் ஆனிலேயே இருக்கும் டியூப் ஸ்கிரீமர் (ஒலியைப் பெருக்கிக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடல்) வரை சுத்தம். எதிரொலி கொடுக்கும் டிஜிட்டல் டிலே பெடலுக்குக் கரண்ட் கொடுத்ததும் கொசு வந்துவிட்டது. அப்புறம் ஸ்கிரீமரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு உள்ளே 9 வோல்ட் பேட்டரி போட்டேன். கொசு போயே போச்சு! டிலேக்குள் இருக்கும் சிப் ஓடும்போது எழும் இரைச்சல், பொதுவான கிரவுண்ட் (எல்லாப் பெடலுக்கும் கரண்ட் திரும்பிப் போகும் இணைப்பு) வழியாக ஸ்கிரீமருக்குள் நுழைந்திருக்கிறது, அது தன் வேலையைச் செய்து பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறது. உங்களுக்கும் இப்படிச் சத்தம் வந்தால் புது கேபிள் வாங்குவதற்கு முன்னால் இந்தப் பேட்டரி சோதனையைச் செய்து பாருங்கள்.

ஐசொலேட்டட் என்றால் இது நடக்கக்கூடாதே. எல்லா ஒயரையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்து, ஒரு சாக்கெட்டின் நடுக் கம்பியையும் அடுத்ததன் நடுக் கம்பியையும் தொட்டேன். பீப். பத்துமே பீப். நிஜமான ஐசொலேட்டட் சப்ளையில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பே இருக்காது. (பெடல்களை மாட்டிக்கொண்டே சோதிக்காதீர்கள், பெடலையும் பெடலையும் இணைக்கும் பேட்ச் கேபிள் வழியாகக் கிரவுண்ட் சேர்ந்துவிடும், எந்தச் சப்ளையும் பீப் அடிக்கும்.)

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. நண்பர் தன் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ்ஸை (ஒலியை முரட்டுத்தனமாகக் கரகரக்க வைக்கும் பெடல்) எடுத்து வந்தார், 1966இல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் வகை, பாசிட்டிவ் கிரவுண்ட், அதாவது மற்ற பெடல்களுக்கு நேர்மாறாக பிளஸ் பக்கம்தான் கிரவுண்டில். பிளஸ் மைனஸைத் திருப்பிப் போடும் ஒயரோடு தனியாக வைத்தபோது பாடியது. பக்கத்துப் பெடலுக்குப் பேட்ச் கேபிள் போட்ட நொடியில் அந்த சாக்கெட்டின் விளக்கு அணைந்தது. ஷார்ட். சாக்கெட்டுகள் நிஜமாகவே தனித்தனியாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. பெட்டியும் சாகவில்லை, ஃபஸ்ஸும் சாகவில்லை, இந்தப் பாதுகாப்புக்கு ஒரு ஸ்டார் தாராளமாகக் கொடுக்கலாம்.

மீதி ஒன்றரை அந்த 500 சாக்கெட்டுக்கும் எடை குறைவுக்கும். ஸ்கிரீமர் பத்து மில்லி ஆம்பியரைக்கூடத் தொடாது, ஆனால் ஸ்ட்ரைமன் டைம்லைன் மாதிரி டிஜிட்டல் பெடல்கள் 300 கேட்கும், 100இல் மாட்டினால் சரியாக ஓடாது. ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பயமில்லை, பெடல் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுக்கும். வோல்ட் கூடினால்தான் ஆபத்து. அந்த 18 வோல்ட் சாக்கெட்டை 9 வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே, அதே அளவில், அதே கறுப்பில் வைத்தவரை என்னவென்று சொல்ல? மேடை வெளிச்சத்தில் அந்தப் பொடி எழுத்து யாருக்குத் தெரியும்? நான் சிவப்பு டேப் ஒட்டி மூடிவிட்டேன்.

இப்போது டிலேக்கு மட்டும் தனி 9 வோல்ட் அடாப்டர், மற்ற நான்கும் இந்தப் பெட்டியில். ஜெபம் அமைதியாக நடக்கிறது. நாலைந்து அனலாக் பெடல் மட்டும் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், டிஜிட்டல் இரண்டு இருந்தால் இன்னும் கொஞ்சம் காசு சேருங்கள்.

விற்றவருக்கு மல்டிமீட்டர் படத்தோடு எழுதிக் கேட்டேன். "எல்லாமே தனித்தனிதான் சார், பத்து சாக்கெட் இருக்கே" என்று பதில் வந்தது.