அதிகாரப் பகிர்வு: ஓர் இணையவழிப் பாடநெறியின் மதிப்புரை

அதிகாரப் பகிர்வு குறித்து எட்டு ஒலிப்பாடங்களாக வெளிவந்துள்ள தமிழ் இணையவழிப் பாடநெறி ஒன்றை அண்மையில் கேட்டு முடித்தேன். தேர்தலில் பெரும்பான்மை பெற்றவர் ஆள்வதுதானே மக்களாட்சி, வென்றவர் ஏன் மற்றவரோடு அதிகாரத்தைப் பங்கிட வேண்டும் என்ற கேள்வியை முதல் பாடத்திலேயே எழுப்பும் ஆசிரியர், கடைசி வரை அதைக் கைவிடவில்லை.

அவர் தரும் விடை எனக்கு நிறைவளித்தது. இன்று தோற்ற கட்சி நாளை வெல்லலாம் என்ற நம்பிக்கை உள்ளவரை தோல்வியை ஏற்பது எளிது. ஆனால் மொழியாலோ சமயத்தாலோ எண்ணிக்கையில் சிறுத்த ஒரு மக்கள்கூட்டம் எத்தனை தேர்தல் வந்தாலும் பெரும்பான்மை ஆகப் போவதில்லை என்பதால், வாக்குரிமை மட்டும் அவர்களுக்குக் காவலாகாது.

பெல்ஜியத்தையும் இலங்கையையும் ஒப்பிடும் பாடங்களே இந்நெறியின் உயிர். பள்ளிப் பாடநூல்களில் பழகிய ஒப்பீடுதான் என்றாலும், இங்கே அது பொறுமையாக விரிக்கப்படுகிறது. டச்சு மொழியினரே மிகுதியாக வாழும் பெல்ஜியம், 1970 முதல் 1993 வரை நான்கு முறை அரசமைப்பைத் திருத்தி, நடுவண் அமைச்சரவையில் பிரதமர் நீங்கலாக டச்சு, பிரெஞ்சு மொழியினருக்குச் சம இடம் அளித்தது. இலங்கையிலோ 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியாயிற்று. மறு ஆண்டு பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் பிரதேச சபைகளுக்குச் சில அதிகாரங்களைப் பகிர்ந்தளிக்கச் செய்துகொண்ட ஒப்பந்தம், எதிர்ப்பு கிளம்பியதும் 1958இல் கிழித்தெறியப்பட்டது. 1987இல் அரசமைப்பின் 13ஆம் திருத்தம் மாகாண சபைகளை உருவாக்கியபோது உள்நாட்டுப் போர் தொடங்கி நான்காண்டுகள் ஆகியிருந்தன. அப்போது எழுத்தில் தரப்பட்ட காணி, பொலிஸ் அதிகாரங்களும் முழுமையாகக் கைமாறவில்லை. இந்தப் பகுதியை இருமுறை கேட்டேன். 1957இல் கேட்கப்பட்டது எவ்வளவு சிறியது என்ற எண்ணம் இன்னும் நெஞ்சை அழுத்துகிறது.

குறைகளும் உண்டு. பங்கீடு இறுகிப்போனால் நேர்வதைப் பாடநெறி போதிய அளவு பேசவில்லை. 1932ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை அடியொற்றி லெபனானில் கிறித்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் ஆறுக்கு ஐந்து என வகுக்கப்பட்ட நாடாளுமன்ற விகிதம், மக்கள்தொகை மாறிய பின்னும் நீடித்து, உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1989இன் தாயிஃப் உடன்படிக்கையில்தான் சரிபாதியாக மாற்றப்பட்டது. பெல்ஜியமே 2010 தேர்தலுக்குப் பின் 541 நாட்கள் புதிய அரசு அமையாமல் தவித்ததை ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார். ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடத்தையேனும் உறுதிசெய்த இந்திய அரசமைப்பின் 73ஆம் திருத்தத்துக்குத் தனிப்பாடம் தந்திருக்க வேண்டும்.

ஆயினும், குடிமையியல் கற்பிப்போருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இறுதிப் பயிற்சி ஒன்றுக்காகவே கேட்கலாம். மூன்று மொழியினர் வாழும் கற்பனை நாட்டுக்கு ஆட்சி அமைப்பை வரையுமாறு அது கேட்கிறது. என்னைப் பெரும்பான்மையினனாகக் கருதி முதலிலும், சிறுபான்மையினனாகக் கருதி மறுமுறையும் எழுதினேன். மொழிச் சட்டங்களுக்கு ஒவ்வொரு மொழியினரின் ஒப்புதலும் தேவை என்ற விதி, முதல் வரைவில் எங்குமே இல்லை; இரண்டாவதில் அதுவே முதல் வரியாக இருந்தது.